சாரா சிடன்ஸ் அம்மையார்

இலண்டன் மாநகரின் ட்ரூரி லேன் நாடக அரங்கிலே ஒரு நடிகை இருமுறை புதியவராகத் தோன்றினார். முதன்முறை தோன்றியது 1775ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 29ஆம் நாள். அன்று அவரைக் கண்டவர்கள், இவர் குரலிலே வலியில்லை, நடையிலே நிலையில்லை என்று சொல்லி வீடு திரும்பினார்கள். இரண்டாம் முறை தோன்றியது 1782ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 10ஆம் நாள். அன்று கூடியிருந்தோர் கண்ணீர் விட்டழுதனர். அரங்கமே ஆரவாரத்தால் அதிர்ந்தது. ஊரும் ஒன்றே, அரங்கும் ஒன்றே, நடிகையும் ஒருவரே. அவ்விரு நாள்களுக்கும் இடையே கழிந்த ஏறத்தாழ ஏழாண்டுக் காலத்தில் நிகழ்ந்தது யாது? சாரா சிடன்ஸ் என்னும் அப்பெருமாட்டியின் வரலாற்றில் நாம் சிந்திக்க வேண்டிய வினா இதுவே.

சிடன்ஸ் அம்மையார் 1755ஆம் ஆண்டு யூலை மாதம் 5ஆம் நாள், வேல்ஸ் நாட்டின் பிறெக்கன் என்னும் சிற்றூரிலே, வழிப்போக்கர் தங்கும் ஒரு விடுதியிற் பிறந்தார். வீட்டிலே பிறவாது விடுதியிலே பிறந்தமைக்குக் காரணம் உண்டு. தந்தையார் றோஜர் கெம்பிள் ஊரூராகச் சென்று நாடகம் நடத்திய ஒரு குழுவின் தலைவர், தாயாரும் நடிகையே. அக்காலத்து இங்கிலாந்திலே பெண்கள் அரங்கேறத் தொடங்கி ஒரு நூற்றாண்டுதான் கழிந்திருந்தது. 1660ஆம் ஆண்டு வரையில் பெண் பாத்திரங்களைச் சிறுவர்களே தாங்கி நடித்தனர். ஊர்சுற்றி நாடகமாடுவோரைச் சட்டம் நாடோடிகளோடும் போக்கிரிகளோடும் சேர்த்து எண்ணியது. நடிகை என்றால் நன்மக்கள் வீட்டு வாயிலிலே சற்றுத் தயங்கியே வரவேற்கப்படுவாள். இத்தகைய தொழிலிலே, பன்னிரு மக்களுள் மூத்தவராகப் பிறந்தார் சாரா. இவருடைய தம்பியருள் ஒருவரே பின்னாளிற் பெரும் புகழ் பெற்ற ஜோன் பிலிப் கெம்பிள்.

சிறுமியாக இருந்த காலத்திலேயே சாரா மேடையேறினார். ஆயினும் அவர் மனம் மேடையோடு நின்றுவிடவில்லை. பத்து வயதிலேயே மில்தனின் காவியத்தை மணிக்கணக்காக வைத்துப் படித்தார் என்பர். பொருள் முழுவதும் விளங்கியிராது. ஆயினும் சொல்லின் ஓசையும் நிறையும் அச்சிறு செவியிலே தங்கியிருக்க வேண்டும். பருவமடைந்ததும் தந்தையின் குழுவிலே நடித்துவந்த வில்லியம் சிடன்ஸ் என்னும் இளைஞரிடம் அன்பு கொண்டார். பெற்றோர் அதனை விரும்பாது, மகளை வோரிக் நகருக்கு அண்மையிலிருந்த ஒரு செல்வர் மாளிகைக்குப் பணிப்பெண்ணாக அனுப்பிவிட்டனர். அங்கும் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் மில்தனையும் ஷேக்ஸ்பியரையும் உடன் பணியாற்றியோருக்குப் படித்துக் காட்டினாராம். ஈற்றிலே பெற்றோர் இசைந்தனர். 1773ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திற் கொவென்றி நகரிலே திருமணம் நடந்தேறியது.

அடுத்த ஆண்டு செல்ட்டனம் என்னும் நகரிலே இவர் நடித்தார். நாட்டுப்புறக் குழுவொன்றின் நாடகத்தைப் பார்த்து நகைத்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தனர் சில உயர்குடி மக்கள். நகைக்க வந்தவர்கள் அழுதுவிட்டுத் திரும்பினார்கள். செய்தி இலண்டனுக்கு எட்டியது. அக்காலத்து ஆங்கில நாடக உலகின் முடிசூடா மன்னராக விளங்கியவர், ட்ரூரி லேன் அரங்கின் தலைவர் டேவிட் கரிக். அவர் தம் ஆட்களை அனுப்பி ஆராய்ந்து, சாராவைத் தம் அரங்குக்கு அழைத்துக்கொண்டார்.

இருபது வயது நிரம்பிய ஒரு பெண்ணுக்கு இதனினும் பெரிய வாய்ப்பு வேறென்ன வேண்டும்? ஆனால் வாய்ப்பு வந்த வேளை நல்ல வேளையாக அமையவில்லை. அவர் இரண்டாம் குழந்தையைப் பெற்று இரண்டு மாதமும் நிறையவில்லை. உடல் தேறாத நிலையிலே, பழக்கமில்லாத பேரரங்கிலே, வெனிஸ் நகர வணிகன் நாடகத்தில் வரும் போர்சியா என்னும் பாத்திரத்தைத் தாங்கி நின்றார். கால்கள் நடுங்கின. குரல் எழவில்லை, எழுந்த குரலும் வாக்கியத்தின் முடிவிலே கேளாமல் மங்கிற்று. பத்திரிகைகள் இரக்கமின்றி எழுதின. பின்னர் கரிக்கோடு இணைந்து சில பாத்திரங்களில் நடித்தும் நிலைமை மாறவில்லை. 1776ஆம் ஆண்டு கரிக் ஓய்வு பெற்றார். அரங்கு புதியவர்களின் கைக்கு மாறியது. அம்மையார் கோடைகாலத்திலே பேமிங்ஹாம் நகரில் நடித்துக்கொண்டிருக்கையில் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. இனி உம்முடைய சேவை எமக்கு வேண்டியதில்லை என்பதே அதன் சாரம்.

அக்கடிதம் தம்மை எவ்வளவு தூரம் வீழ்த்தியது என்பதை அம்மையாரே முதுமையில் எழுதியுள்ளார். ஓராண்டுக்கு மேலாக உடல் நலிந்து, இனித் தேறமாட்டார் என்று கண்டோர் கருதும் நிலையை அடைந்தார். தம் சின்னஞ்சிறு குழந்தைகளின் முகத்துக்காகவே துயரத்தை உதறி எழுந்ததாகவும் அவர் குறிப்பிடுகின்றார்.

நேயர்களே, எழுந்தவர் எங்கே சென்றார்? இலண்டனுக்குச் சென்று மீண்டும் கதவைத் தட்டவில்லை. நாட்டுப்புற நகரங்களுக்கே திரும்பினார். யோர்க் நகரில் நடித்தார். வடபுலத்து நகரங்கள் பலவற்றில் நடித்தார். 1778ஆம் ஆண்டு முதல் பாத் நகரத்து அரங்கிலே பணியாற்றினார். அங்கே அவருக்குக் கிடைத்த ஊதியம் வாரத்துக்கு மூன்று பவுண். பாத் அரங்கினருக்கே பன்னிரண்டு மைல் தொலைவிலுள்ள பிறிஸ்டல் நகரிலும் ஓர் அரங்கு இருந்தது. காலையிலே பாத் நகரில் ஒத்திகை. மாலையிலே பிறிஸ்டலுக்கு வண்டியேறி அங்கே நாடகம். மீண்டும் பன்னிரண்டு மைல் வண்டியில் வந்து மறுநாள் பாத் நகரில் வேறொரு நாடகம். வீட்டிலே குழந்தைகள். அவர்கள் உறங்கிய பின்னரே நாடகச் சுவடியைக் கையிலெடுக்க முடியும். நள்ளிரவு கடந்தும் விளக்கொளியிலே பாடம் செய்த இரவுகள் எத்தனையோ!

இவ்வாறு ஆறாண்டுகள் கழிந்தன. ஒருவரும் வற்புறுத்தாமல், புகழும் பாராமல், ஒரு நாடகத்தின் பின் மற்றொரு நாடகமாக அவர் கற்றுக்கொண்ட காலம் அது. குரலை எங்கே தாழ்த்தினாலும் கடைசி வரிசைக்கு எட்டும் என்பதை அறிந்தார். வாக்கியத்தின் இறுதிச் சொல்லை நழுவவிடாத முறையை அறிந்தார். தாமாக நில்லாது, பாத்திரமாக நிற்கும் வகையை அறிந்தார்.

இலண்டன் மீண்டும் அழைத்தது. பாத் நகர மக்கள் அவரைப் பிரிய மனமில்லாதிருந்தனர். விடைபெறும் நாளில், இவ்வூரை விட்டுச் செல்ல எனக்கு மூன்று காரணங்கள் உண்டு என்று சொல்லித் தம் மூன்று குழந்தைகளையும் மேடைக்கு அழைத்து வந்து நிறுத்தினார். அப்பொழுது நான்காவது குழந்தையொன்றும் பிறக்கவிருந்தது. வளரும் குடும்பத்துக்கு மூன்று பவுண் போதாது என்பதை இதனினும் நயமாக எவரும் சொல்லியிருக்க மாட்டார்.

1782ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அவர் இசபெல்லா என்னும் ஒரு கைம்பெண்ணின் பாத்திரத்தைத் தாங்கினார். அந்நாடகத்திலே அவளுடைய மகனாக நடித்தவன், அம்மையாரின் சொந்த மகனாகிய எட்டு வயதுச் சிறுவன் ஹென்றியே. ஒத்திகையின்போது தாய் இறக்கும் காட்சியைக் கண்ட அச்சிறுவன், உண்மையிலேயே தன் தாய் இறக்கின்றாள் என்றெண்ணித் தேம்பியழுதானாம். நாடகத்துக்கு இரண்டு நாள்களுக்கு முன்னர் அம்மையாரின் குரல் கம்மிப் போயிற்று. பழைய தோல்வி மீண்டும் வந்துவிட்டதோ என்று அவர் நடுங்கினார். குரல் திரும்பியது. நாடக நாளன்று முதிய தந்தையார் துணைக்கு உடன் சென்றார். அன்றிரவு, இலண்டன் மாநகரையே வென்று வீடு திரும்பிய அம்மையார், தந்தையோடும் கணவரோடும் எளிய உணவருந்த அமர்ந்தார். ஒருவரும் பேசவில்லை. கணவர் இடையிடையே மகிழ்ச்சி தாளாது எழுப்பிய ஒலியைத் தவிர அங்கே முழு அமைதி நிலவியது. தந்தையாரின் கண்களில் நீர் நிறைந்திருந்தது.

அதன் பின்னர் வந்த புகழை விரித்துரைக்க வேண்டியதில்லை. அரச குழந்தைகளுக்கு ஆங்கிலம் படித்துக் காட்டும் பெருமை கிடைத்தது. பேரறிஞர் சாமுவேல் ஜோன்சனை அவர் காணச் சென்றபோது வீட்டில் உடனே ஓர் ஆசனம் கிடைக்கவில்லை. மற்றவர்களுக்கு அரங்கிலே இடமில்லாமற் செய்யும் நீங்கள், இங்கே உங்களுக்கு இடமில்லாமைக்காகப் பொறுத்தருள வேண்டும் என்னும் கருத்தில் ஜோன்சன் நகைச்சுவையாகச் சொன்னாராம். ஓவியர் யோசுவா றெனல்ட்ஸ் 1784ஆம் ஆண்டிலே அவரைத் துன்பியற் கலையின் தெய்வமாகச் சிங்காசனத்தில் அமர்த்தித் தீட்டினார். தம் பெயரை ஓவியத்தின் மூலையில் எழுதாது, அம்மையாரின் ஆடையின் கரையிலே எழுதினார். அவ்வாடையின் கரையைப் பற்றிக்கொண்டு தாமும் பிற்காலத்தைச் சென்றடையலாம் என்பது அவர் கூறிய விளக்கம். நடிகையை வாயிலிலே நிறுத்தித் தயங்கிய நாட்டில் இஃது எத்துணைப் பெரிய மாற்றம்!

ஆயினும் புகழ் தந்த மக்களே அதனைப் பறிக்கவும் வல்லவர்கள். அதே 1784ஆம் ஆண்டிலே, வறுமையுற்ற சக நடிகர்களுக்காகக் கூலியின்றி நடிக்க மறுத்த கருமி என்று அவர்மீது ஒரு வதந்தி எழுந்தது. அவர் மேடைக்கு வந்ததும் மக்கள் கூச்சலிட்டு இகழ்ந்தனர். தம்பியார் கைப்பிடித்து உள்ளே அழைத்துச் செல்ல, அம்மையார் மயங்கி வீழ்ந்தார். மயக்கம் தெளிந்ததும் மீண்டும் மேடைக்கு வந்தார். பழி பொய்யென்று நிதானமாகச் சொன்னார்; சொல்லிவிட்டு அன்றைய நாடகத்தை நடித்து முடித்தார். எட்டாண்டுகளுக்கு முன் ஒரு கடிதத்தால் நோயுற்று வீழ்ந்த பெண்ணையும், இகழ்ச்சியின் நடுவே திரும்பி வந்து நின்ற இப்பெண்ணையும் ஒப்புநோக்குங்கள்.

இனி, அவர் புகழின் சிகரமாகிய சீமாட்டி மக்பெத் என்னும் பாத்திரத்துக்கு வருவோம். கணவனை அரசனாக்க வேண்டுமென்னும் பேராசையால், விருந்தாக வந்த மன்னனைக் கொல்லுமாறு தூண்டியவள் இச்சீமாட்டி. பின்னர் உறக்கத்திலே எழுந்து நடந்து, கையிற் படிந்த இரத்தக்கறை போகவில்லையே என்று கழுவிக் கழுவிப் பார்ப்பவள்.

இப்பாத்திரத்தை அம்மையார் ஏறத்தாழ இருபது வயதிலேயே நாட்டுப்புற மேடையில் நடிக்க நேர்ந்தது. சொற்களை மனப்பாடம் செய்துவிட்டாற் போதும் என்றே அப்பொழுது எண்ணியிருந்ததாக அவர் கூறுகின்றார். வழக்கம்போல வீட்டார் உறங்கியபின் நள்ளிரவிலே படிக்கத் தொடங்கினார். கொலைக் காட்சியை அடைந்ததும் அச்சம் பற்றிக்கொண்டது. மேலே படிக்க இயலவில்லை. மெழுகுவர்த்தியைப் பற்றிக்கொண்டு மாடிப்படியேறி ஓடினார். தம் பட்டாடையின் சரசரப்பே யாரோ பின்தொடரும் ஒலியாகக் கேட்டது. கணவர் ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். விளக்கை அணைக்கும் துணிவின்றி, உடுத்த ஆடையோடு படுக்கையில் வீழ்ந்தார். மறுநாள் மேடையிலே பாடம் அரைகுறையாகவே வந்ததாம். சொல்லைக் கற்பது வேறு, சொல்லின் உள்ளே இருக்கும் உயிரைக் காண்பது வேறு என்பதை அவ்விரவு அவருக்கு உணர்த்திற்று.

1785ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 2ஆம் நாள் அதே பாத்திரத்தை இலண்டனிலே தாங்கினார். அவருக்கு முன் அப்பாத்திரத்திற் புகழ்பெற்றவர் பிரிச்சட் அம்மையார். உறக்கத்தில் நடக்கும் காட்சி முழுவதிலும் அவர் மெழுகுவர்த்தியைக் கையிலேயே பிடித்திருப்பார். மக்களும் அதற்கே பழகியிருந்தனர். சிடன்ஸ் அம்மையாரோ மெழுகுவர்த்தியை மேசைமீது வைத்துவிட்டு இரு கைகளாலும் கழுவுவதென்று முடிவு செய்தார். அரங்கின் தலைவர் ஷெரிடன் செய்தியறிந்து, திரை எழுவதற்குச் சற்று முன்னர் ஒப்பனையறைக் கதவைத் தட்டினார். மரபை மீறினால் மக்கள் பொறுக்கமாட்டார்கள் என்று எச்சரித்தார். அம்மையார் அளித்த விடை எளியது. இல்லாத கறையைத் தேய்த்துப் போக்க முயல்பவளுக்கு இரண்டு கைகளும் வேண்டும்; ஒரு கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு எவரும் கை கழுவுவதில்லை. பேச நேரமும் இல்லை. அம்மையார் தாம் எண்ணியவாறே நடித்தார். மக்கள் மூச்சடங்கி இருந்தனர். நாடகம் முடிந்ததும் ஷெரிடன் வந்து, நீங்கள் செய்ததே சரி என்று பாராட்டினார்.

இது சிறிய செயலே. ஆனால் அச்சிறு செயலில் ஆறாண்டுக் கல்வி முழுவதும் அடங்கியிருக்கின்றது. முன்னோர் செய்தார் என்பதற்காகச் செய்யாமல், புதுமை வேண்டும் என்பதற்காகவும் செய்யாமல், இப்பெண் ஏன் இங்கு வருகின்றாள், இவள் கைகள் என்ன செய்யும் என்று நூலையே வினவி விடை கண்டார். 1775ஆம் ஆண்டில் மேடையில் நடுங்கிய பெண்ணிடம் இத்துணிவு இருந்திருக்க முடியாது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். அந்நாடகத்தில், நாம் தோற்றுவிட்டால் என்ன ஆகும் என்று கணவன் தயங்கிக் கேட்குமிடத்துச் சீமாட்டி கூறும் விடை ஆங்கிலத்தில் இரண்டே சொற்கள். அவ்விரு சொற்களையும் அம்மையார் காலப்போக்கில் மூவகையாகக் கூறினார் என்று அக்காலத்தவர் எழுதிவைத்துள்ளனர். முதலில், நாமா தோற்போம் என்னும் இகழ்ச்சி வினாவாகக் கூறினார். பின்னர், நாமாவது தோற்பதாவது என்னும் சினங்கலந்த வியப்பாகக் கூறினார். ஈற்றிலே வினாவும் இல்லை, வியப்பும் இல்லை. தோற்றால் தோற்றோம், அத்துடன் முடிந்தது என்று குரலைத் தாழ்த்தி அமைதியாகக் கூறினார். கேட்டவர்களுக்கு அவ்வமைதியே அச்சத்தை விளைவித்தது. ஒரு பாத்திரத்தில் இத்தனை வெற்றி பெற்ற பின்னரும் இரண்டு சொற்களை அவர் விடாது ஆராய்ந்துகொண்டேயிருந்தார் என்பது இங்கே எண்ணத்தக்கது.

மேடையிலே பிறருடைய துயரத்தைக் காட்டியவருக்கு வீட்டிலே சொந்தத் துயரம் குறையாமல் இருந்தது. அக்காலச் சட்டப்படி மணமான பெண்ணின் உழைப்பூதியம் கணவனுக்கே உரியது. அவர் உழைக்க, வரவு செலவைக் கணவரே நடத்தினார். ட்ரூரி லேன் அரங்கோ ஊதியத்தை ஒழுங்காகத் தரவில்லை. ஏழு குழந்தைகளைப் பெற்ற அம்மையார் அவர்களுள் ஐவரைத் தம் வாழ்நாளிலேயே பறிகொடுத்தார். மகள் மரியா 1798ஆம் ஆண்டில் நோயால் இறந்தாள். 1803ஆம் ஆண்டு அம்மையார் அயர்லாந்திலே நடித்துக்கொண்டிருந்தபோது மூத்த மகள் சாலி நோயுற்றாள். நோயின் கடுமை தாய்க்குக் காலந்தாழ்த்தியே தெரியவந்தது. விரைந்து திரும்பினார்; வழியிலேயே மரணச் செய்தி அவரை எதிர்கொண்டது. முதன்முதலாக அவர் ட்ரூரி லேன் மேடையில் நடுங்கி நின்றபோது இரண்டு மாதமும் நிறையாத கைக்குழந்தையாக இருந்தவள் அச்சாலியே. துயரம் தாங்கிய தாய் பின்னும் ஒன்பதாண்டுகள் உழைத்தார்.

1812ஆம் ஆண்டு யூன் மாதம் 29ஆம் நாள், கொவென்ட் கார்டன் அரங்கிலே, சீமாட்டி மக்பெத்தாகவே அவர் விடைபெற்றார். உறக்கத்தில் நடக்கும் காட்சி முடிந்து அவர் உள்ளே சென்றதும் ஆரவாரம் எழுந்தது, அது அடங்கவேயில்லை. அம்மையார் இல்லாத எஞ்சிய பகுதியைப் பார்க்க மக்கள் ஒருப்படவில்லை. நாடகத்தை அவ்விடத்திலேயே நிறுத்தித் திரையை வீழ்த்தினர். சற்று நேரங்கழித்துத் திரை எழுந்தபோது, நாடக உடையைக் களைந்து தம் சொந்த உடையில் வந்து நின்று அவர் விடைமொழி கூறினார். அதன்பின் உறவினர் உதவிக்காகவும் வேறு சில தேவைகளுக்காகவும் இடையிடையே மேடையேறியதுண்டு. 1819ஆம் ஆண்டோடு அதுவும் நின்றது. 1831ஆம் ஆண்டு யூன் மாதம் 8ஆம் நாள் தமது 75ஆம் வயதில் இலண்டனிலே காலமானார். பாடிங்டன் என்னும் பகுதியில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. 1897ஆம் ஆண்டு அவ்விடத்துக்கு அண்மையில் அவருக்குச் சிலையெடுத்தபோது அதனைத் திறந்துவைத்தவர் அக்காலத்துப் பெருநடிகர் ஹென்றி இர்விங்.

நேயர்களே, அம்மையார் வாழ்ந்த காலத்தில் குரலைப் பதிந்து வைக்கும் கருவி இல்லை. நடிப்பைப் பிடித்து வைக்கும் கருவியும் இல்லை. ஆயினும் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்த பேராசிரியர் ஜோர்ஜ் ஜோசப் பெல் என்பவர், அம்மையாரின் நடிப்பைக் கண்டு, எந்தச் சொல்லைத் தாழ்த்தினார், எங்கே நிறுத்தினார், கண்ணை எப்பக்கம் திருப்பினார் என்றெல்லாம் குறித்து வைத்தார். இருநூறு ஆண்டுகளுக்கு மேலான பின்னரும் அக்குறிப்புக்களின் உதவியால் அக்குரலை ஓரளவேனும் நாம் ஊகித்தறிகின்றோம். நன்றாகச் செய்யப்பட்ட ஒரு செயல், அதனைக் கருத்தூன்றிக் காணும் ஒருவரையாவது தேடிக்கொள்ளும் போலும்.

பள்ளிக்கூடத்திலே பல்லாண்டு பணியாற்றி வரும் எனக்கு, அம்மையாரின் வெற்றியைவிட அவர் பாத் நகரிலும் பிறிஸ்டலிலும் கழித்த காலமே அடிக்கடி நினைவுக்கு வருகின்றது. பரீட்சை முடிவு வெளிவரும் நாள்களில் மாணவரும் பெற்றோரும் ஒரு கடிதத்தோடு உலகமே முடிந்துவிட்டதாக எண்ணுவதை ஆண்டுதோறும் காண்கிறோம். அழவேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்வதிற் பயனில்லை; அம்மையாரும் அழுதார், நோயுற்றும் கிடந்தார். ஆனால் இலண்டன் அளித்த தீர்ப்பை அவர் மறுக்கவும் இல்லை, அதனையே இறுதித் தீர்ப்பாகக் கொள்ளவும் இல்லை. குரல் எட்டவில்லை என்றார்கள், அது மெய்தான். ஆகவே குரல் எட்டும்வரை பயின்றார். குழந்தைகள் உறங்கிய பின்னர், ஒரு மெழுகுவர்த்தியின் ஒளியிலே, எவரும் பாராத சிற்றூர் வீடுகளில் அப்பயிற்சி நிகழ்ந்தது. ட்ரூரி லேன் மேடையிலே அவர் துணிந்து கீழே வைத்த மெழுகுவர்த்தியைப் பலரும் போற்றுகின்றனர். அதற்கு முன், ஆறாண்டுகள் அவர் கையில் ஏந்திப் படித்த மெழுகுவர்த்திகளையும் நாம் மறவாதிருப்போமாக.